கேடயத்தைத் திருப்பிப் பாருங்கள்

பண்டைய கிரேக்க, ரோமானியக் கேடயங்கள் என்றதும் எல்லோரும் முன்பக்கத்து ஓவியங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பின்பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. வீரன் கையை எங்கே நுழைத்தான், எதைப் பிடித்தான் என்று பார்த்தாலே அந்தப் படை எப்படிச் சண்டை போட்டது என்பதில் பாதி புரிந்துவிடும்.

கிரேக்கக் காலாளின் கேடயமான ஆஸ்பிஸை எடுத்துக்கொள்வோம். வட்டமானது, சுமார் 90 செ.மீ. விட்டம், ஆறிலிருந்து எட்டு கிலோ வரை எடை, மரத்தின் மேல் பெரும்பாலும் மெல்லிய வெண்கலத் தகடு. உள்ளே நடுவில் ஒரு பட்டை இருக்கும், அதில் இடது கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்போரம் இருக்கும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல குழிவு இருப்பதால் மேல்விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம், பாரம் முழுக்கக் கையில் இறங்காது. ஆனால் முழங்கை கேடயத்தின் நடுவில் இருக்கிறது அல்லவா, அதனால் அதன் இடது பாதி ஆளின் உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதி யாருக்கு? இடப்பக்கம் நிற்பவனுக்கு!

கி.மு. 418இல் நடந்த மான்டினியாப் போரைச் சொல்லும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இதை அருமையாகக் கவனித்திருக்கிறார். ஒவ்வொருவனும் பயத்தில் தன் மூடாத வலப்பக்கத்தை அடுத்தவன் கேடயத்துக்குள் ஒளிக்கப் பார்ப்பதால், முன்னேறும்போது படையே கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விடும் என்கிறார். தலைக்கவசத்தைத் தொலைத்தவனை விட்டுவிட்டு, கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவனை மட்டும் ஸ்பார்ட்டாவில் ஏன் அவமதித்தார்கள் என்ற கேள்விக்கு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த பதிலும் இதுதான்: தலைக்கவசம் அவனவனுக்காக, கேடயம் வரிசை முழுமைக்கும்.

சரி, ரோமானியர்களின் கேடயமான ஸ்கூட்டமுக்கு வருவோம். இதில் முன்கைப் பட்டை கிடையாது. நடுவில் குறுக்காக ஒரே ஒரு பிடி, விரல்களைக் காக்க முன்னால் ஒரு உலோகக் குமிழ், அவ்வளவுதான். கேடயத்தை முன்னே நீட்டலாம், இடிக்கலாம், குமிழால் எதிரியின் முகத்திலேயே குத்தலாம். ரோமானிய வீரன் ஒவ்வொரு அடிக்கும் கேடயத்தைத் திருப்பித் தன்னைக் காத்துக்கொள்வதால் அவனுக்குத் தனியாக இடம் வேண்டும் என்று வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். கேடயங்களைத் தலைக்கு மேல் கூரையாக அடுக்கும் ஆமை அணிவகுப்பையே எல்லோரும் படத்தில் காட்டுகிறார்கள், ஆனால் அது முற்றுகை, அம்பு மழை மாதிரியான நேரங்களுக்கானது. எந்நேரமும் அப்படியே நின்று வாள் வீச முடியாது.

சிரியாவின் பழைய நகரமான துரா யூரோப்போஸில் 1930களில் கிடைத்த ஸ்கூட்டம் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெல்லிய மரக் கீற்றுகளை மூன்று அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டி வளைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட நம் பிளைவுட் மாதிரி. மேலே தோல், அதன்மேல் கழுகும் சிங்கமும் வெற்றித் தேவதைகளும். இந்த வேலைப்பாட்டுக்கு ஈரம் ஆகாது, அதனால்தான் நடைபயணத்தில் தோல் உறை போட்டு எடுத்துப் போனார்கள். கி.மு. 57இல் சாம்ப்ர் ஆற்றங்கரையில் எதிரிகள் திடீரென்று பாய்ந்தபோது அந்த உறையைக் கழற்றக்கூட நேரமில்லை என்று ரோமானியத் தளபதி சீசர் எழுதுகிறார். அப்புறம் அவரே கடைசி வரிசையில் நின்ற ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாராம். ஆஸ்பிஸாக இருந்தால் அத்தனை சுலபமாகப் பிடுங்கியிருக்க முடியாது, முதலில் பட்டையிலிருந்து அவன் கையை உருவியாக வேண்டும்.