பழம் எங்கே?

மாலை இருட்டிக்கொண்டு வரும் நேரம். “ஏங்க, எங்கேயோ பழம் அழுகிக் கிடக்கு” என்றாள் மனைவி. நானும் மோந்து பார்த்தேன். உண்மைதான், நன்றாகக் கனிந்து போன பழத்தின் வாசனை.

தேடல் தொடங்கியது. ஃபிரிட்ஜைக் காலி செய்து சாமான்களைத் தரையில் பரப்பினோம். பழக்கூடையைக் கவிழ்த்தோம். மகனின் புத்தகப் பையில், போன வாரம் தொலைந்த டிபன் டப்பா கிடைத்தது. அதன் வாசனை வேறு ரகம், அதைப் பற்றி இங்கே வேண்டாம். கடைசியில் சந்தேகம் என் மேல் வந்து நின்றது. “நீங்கதான் எதையாவது வாங்கி எங்கேயாவது வச்சு மறந்திருப்பீங்க.”

எனக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர் அப்படி. மல்லிகைக்கு யூரியாவாகப் போட்டு, ஒரு மொட்டுகூட இல்லாமல் இலையாக வளர்த்தவன் நான். அப்புறம் கடுப்பில் கத்தரியை எடுத்துக் கண்டபடி வெட்டித் தள்ளினேன். புதுத் துளிர் விட்டு, துளிருக்குத் துளிர் மொட்டு வைத்தது. மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “பயந்துபோய் பூத்திருக்கு” என்பது மனைவியின் தீர்ப்பு.

சரி, பழத்துக்கு வருவோம். வாசனை ஜன்னல் பக்கம் கூடியது. வெளியே மனோரஞ்சிதம். வைத்து மூன்று வருடம் ஆகியும் அது எனக்குத் தந்தது இரண்டே இரண்டு: இலை, கொக்கி. பற்றி ஏறுவதற்கென்று கொக்கி வைத்திருக்கும் கொடி அது. என் சட்டைகளையும் நன்றாகவே பற்றும். அடுத்த மழைக்குள் பிடுங்கிவிடுவது என்று முடிவுகூட ஆகியிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே, தடித்த ஆறு இதழோடு மஞ்சளாக ஒரு பூ தொங்கியது. நான்கு நாளாக அதே இடத்தில் பச்சையாக இருந்ததை, சுருண்ட இலை, பூச்சி விழுந்திருக்கும் என்று கிள்ளப் போனவனும் நானே. பச்சையாக இருக்கும்வரை மூச்சுக்கூட விடாது. பழுத்து மஞ்சளானால்தான் வாசனை.

பறித்துக்கொண்டு வெற்றி வீரனாக உள்ளே போனேன். சட்டை கொக்கியில் மாட்டி, பித்தான் ஒன்று கொடியோடு நின்றுவிட்டது. மனைவி பூவை டம்ளரில் வைத்தாள்.

டியூஷன் முடிந்து வந்த மகன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

“அம்மா, எனக்கு வைக்காம பழத்தைத் தின்னுட்டீங்களா?”