அழுங்குக்கு நிதி கேட்டு எழுதும்போது

நிதி விண்ணப்பம் என்றதும் பலரும் முதல் வேலையாகத் திட்ட முன்னுரையை எழுத உட்காருகிறார்கள். மதுரையை ஒட்டிய அழகர்மலை, நத்தம், மேலூர்ப் பக்கத்து அழுங்குகளை, அதாவது செதில் போர்த்திய எறும்புத்தின்னிகளை, ஆய்வு செய்து காப்பதற்காக எழுதிப் பார்த்ததில் நாங்கள் கற்றது வேறு வரிசை. பணம் எந்த வழியாக வரும், காட்டுக்குள் எந்த அனுமதியோடு போவோம் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இவை தீராமல் எழுதிய விண்ணப்பம் தேர்வாகிவிட்டால் சங்கடம் இன்னும் பெரிது. வந்த பணத்தைக் கைநீட்டி வாங்க முடியாது.

சிறு திட்டங்களுக்கு நம் ஊர்க்காரர்கள் அதிகம் நாடுவது பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளையையும், ஒரு திட்டத்துக்கு 25,000 டாலர் வரை தரும் முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதியத்தையும்தான். தனிநபரும் விண்ணப்பிக்கலாம் என்பது அவர்கள் விதி. நம் நாட்டுச் சட்டம் வேறு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இப்படிப்பட்ட திட்டப் பணத்தை வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 நிதியாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். புதிய சிறிய அமைப்புகளுக்கு முன் அனுமதிதான் வழி. அது ஒரு கொடையாளர், ஒரு தொகை, ஒரு நோக்கம் என்று குறிப்பிட்டுத் தரப்படுவது. கொடையாளரிடமிருந்து தொகையை உறுதிசெய்யும் கடிதம் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். அதனால் நிதி தேர்வான நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் போகும் என்று வைத்துத்தான் கால அட்டவணை போட வேண்டும்.

முன்பெல்லாம் பதிவுள்ள ஒரு டிரஸ்ட் பணத்தை வாங்கி, பதிவுள்ள இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரலாம். 2020 செப்டம்பர் திருத்தம் அந்த வழியை அடியோடு மூடிவிட்டது. இன்றும் “தெரிந்த டிரஸ்ட் வழியாக வாங்கிக்கொள்வோம்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், வாங்கித் தரும் டிரஸ்டின் பதிவே போய்விடும். சட்டத்துக்கு உட்பட்ட வழி, பதிவுள்ள கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ திட்டத்தைத் தன் பெயரிலேயே ஏற்று, தன் கணக்கிலிருந்தே நேரடியாகச் செலவழிப்பது. விண்ணப்பத்திலும் அந்த நிறுவனத்தின் பெயர்தான் இருக்க வேண்டும்.

பணம் முதலில் வந்து சேரும் கணக்கு, டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். அங்கிருந்து மதுரையில் உள்ள பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கொடையாளருக்குத் தரும் படிவத்தில் மதுரைக் கிளையின் எண்ணை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே நேராக வந்து விழுந்தால் அது சட்ட மீறல்.

உள்நாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் இந்தச் சிக்கல் இல்லை. கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் வன உயிர், தாவரப் பாதுகாப்பு இடம்பெற்றிருக்கிறது. 12ஏ, 80ஜி என்று அழைக்கப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகளும், இந்த நிதியை வாங்கும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் கையில் இருந்தால் போதும்.

இனி வனத்துறை அனுமதி. ஆய்வு அனுமதிக்கான கடிதம் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். அவர் மாவட்ட வன அலுவலரிடம் கருத்துக் கேட்பார். அலுவலரை முன்கூட்டியே நேரில் பார்த்துத் திட்டத்தைச் சொல்லிவிட்டால் கடிதம் மேசையில் தேங்காது. குறைந்தது 6 மாதம் ஒதுக்குங்கள். அழுங்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து ரேடியோ கருவி பொருத்துவதாக ஒரு வரி எழுதினாலும் மத்திய அரசின் முன் அனுமதி தேவைப்படும். ஓராண்டுத் திட்டத்தில் அது நடக்காத காரியம். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா, தடயம், ஊர் மக்களிடம் கேட்டறிதல் ஆகிய மூன்றோடு நிறுத்துவதே நல்லது. ரத்தம், செதில் என்று எதையும் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக எழுதினால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும்.

எந்த உயிரினம் என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் சாம்பல் அணில் நமக்கு எவ்வளவு அரியதாக இருந்தாலும், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அது அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில்தான் இருக்கிறது. நம் தேவாங்குக்கும் அதே நிலை. அழுங்கும், மேகமலைக் காடுகளில் வாழும் சலீம் அலி பழந்தின்னி வௌவாலும் அருகிவரும் இனங்கள். நிலை குறைந்த இனத்துக்குக் கேட்கவே கூடாது என்பதில்லை. ஆனால் இந்த நிலப்பரப்பில் அதற்கு என்ன ஆபத்து என்பதைக் கூடுதலாக நிறுவ வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் ஆய்வுமுறைப் பகுதியில்தான். “வளைகளை எண்ணுவோம்” என்று எழுதினால், அழுங்கை அறிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். முள்ளம்பன்றியும் நரியும் உடும்பும் பயன்படுத்தும் வளைகளும் அங்கே உண்டு. பழைய வளையில் யார் இருக்கிறார்கள் என்பது வாயைப் பார்த்துத் தெரியாது. கரையான் புற்றைக் கிளறிய ஆழமில்லாத இரைவளை வேறு, பகலில் படுத்திருக்கும் ஆழமான வளை வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து, புது மண் தள்ளியிருக்கும் வளைமுன் கேமரா வைத்து உறுதிசெய்வோம் என்று எழுத வேண்டும். காட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரே கட்டத்துக்குப் பல முறை போய்ப் பார்ப்பதையும் சொல்லுங்கள். ஒரு முறை போய்க் காணவில்லை என்றால், விலங்கு இல்லையா அல்லது நம் கண்ணில் படவில்லையா என்று பிரிக்க முடியாது. தொடர் வருகைகள் இருந்தால்தான் அந்தக் கணக்கைப் போடலாம். விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கும் இதே கறார் வேண்டும். எத்தனை ஊர், கூட்டத்துக்கு முன்னும் 6 மாதம் கழித்தும் அதே கேள்விகளுக்கு என்ன பதில் என்று அளக்கும் வழி இல்லாவிட்டால் அந்தப் பத்திக்கு மதிப்பில்லை.

கால அட்டவணையை மலையைப் பார்த்துப் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கேமரா நனையும், வளைவாய் கரையும். பிப்ரவரி கடைசியிலிருந்து காட்டுத்தீ பயம் தொடங்கும், உள்ளே விட மாட்டார்கள். தைரியமாக வேலை நடக்கும் மாதங்கள் குறைவு என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய அட்டவணையைத்தான் நம்புவார்கள்.

பட்ஜெட்டில் கேமரா விலையை எல்லோரும் போடுகிறார்கள், பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். 8 பேட்டரி பிடிக்கும் கேமரா 20 என்றால் 160 பேட்டரி. மாற்று செட்டோடு 320. ரீசார்ஜ் ஆகும் வகையாக வாங்கினால் 8 பேட்டரி போடும் சார்ஜர் 4 இருந்தாலும் ஒரு செட் ஏற 5 சுற்று ஆகும். திருட்டுக்கு இரும்புப் பெட்டியும் சங்கிலியும், மெமரி கார்டு இரட்டிப்பாக, ஜி.எஸ்.டி. சேர்த்த விலை, களப்பணியாளர் விபத்துக் காப்பீடு என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வர வேண்டும். வழிகாட்டும் உள்ளூர்க்காரருக்கு நாள்கூலியை வங்கி வழியாகக் கொடுங்கள். வவுச்சர் இல்லாத கூலி தணிக்கையில் நிற்காது. நிர்வாகச் செலவு வெளிநாட்டுப் பங்களிப்பில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2020க்கு முன் அது 50 ஆக இருந்தது, பழைய மாதிரிப் படிவங்களை நம்ப வேண்டாம். பவுண்டு, டாலர் மதிப்பு மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கில் 5 விழுக்காடு இறக்கத்தைத் தாங்கும்படி எந்தச் செலவை முதலில் குறைப்போம் என்று இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பரிந்துரையாளர்கள் ரஃபர்டுக்கு 3 பேர். குழுவில் இல்லாதவர்களாக, இந்த இனத்தையோ இந்த நிலத்தையோ அறிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு விண்ணப்பத்தின் முழுப் பிரதியை முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஊர்ச் சம்மதத்தை நாங்கள் எப்போதும் இணைக்கிறோம். மேலூர்ப் பக்கம் ஊர்த் தலைவர்களான அம்பலக்காரர்களும் பெரியவர்களும் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேசி, தமிழில் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, மொழிபெயர்ப்போடு சேர்க்க வேண்டும். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி போன்ற இடமென்றால் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கடிதமும் தேவை. கோயில் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, இன்ன நாளில் நுழையக் கூடாது என்று ஊர் சொல்வதை ஆய்வுமுறையிலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பங்களிப்புக்கான எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்கு, ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த பின் வரும் டிசம்பர் 31க்குள் அரசுக்குப் போக வேண்டும். கொடையாளருக்கான இறுதி அறிக்கையில்தான் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பல நிதியங்கள் அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகின்றன. அழுங்கு ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டுகொள்ளும். இடம் தெரிந்த வேட்டைக்காரர் கையால் தூக்கிக்கொண்டு போகலாம். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். எனவே வளைகளின் ஜி.பி.எஸ். புள்ளிகள் வனத்துறைக்கு மட்டும் மூடிய உறையில் போகட்டும். வரைபடத்தில் தாலுகா எல்லை போதும். கேமராப் படத்தின் ஓரத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும், கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இடத்தகவலையும் நீக்கிய பிறகே அறிக்கையில் சேருங்கள்.