ஏற்றத்தின் அரசர் ஜொனாதன் வயட்

உலக மலையோட்டக் கோப்பையின் ஆண்கள் பிரிவில் 1997 முதல் 2005 வரை வென்றவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒன்பது ஆண்டுகளிலும் இரண்டே பெயர்கள்தான் இருக்கின்றன. 1997, 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியின் மார்கோ தெ காஸ்பெரி. 1998, 2000, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் நியூசிலாந்தின் ஜொனாதன் வயட். ஒருவர் ஒற்றைப்படை ஆண்டுகளுக்கும் மற்றவர் இரட்டைப்படை ஆண்டுகளுக்கும் உரிமை கொண்டாடியதுபோல் தோன்றும் இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததன்று. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் வயட் எப்பேர்ப்பட்ட ஓட்டக்காரர் என்பதும், 2005இல் பட்டியலின் ஒழுங்கு குலைந்தது ஏன் முக்கியமானது என்பதும் விளங்கும்.

அந்நாட்களில் இந்தப் போட்டியின் தடம் ஆண்டுக்கு ஒரு வகையாக மாறிவந்தது. இரட்டைப்படை ஆண்டுகளில் அடிவாரத்தில் தொடங்கி உயரத்தில் முடியும் ஏற்றம் மட்டும். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏறியதை இறங்கியும் தீர்க்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு இரண்டும் மலையோட்டமே என்றாலும், உடலைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். செங்குத்தான ஏற்றத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு. தொடையும் கெண்டைக்காலும் சுருங்கிச் சுருங்கி உடலை மேலே தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதே அங்கு பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. இறக்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது. தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி, ஒவ்வோர் அடியிலும் தடை போடும் வேலையைச் செய்கிறது. கல், வேர், ஈரமண் என்று அடுத்த அடி வைக்கும் இடத்தைக் கண் நொடிக்குப் பலமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். விழுந்தால் விழட்டும் என்ற துணிச்சலும் வேண்டும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியான போர்மியோவில் வளர்ந்த தெ காஸ்பெரிக்கு அது சிறு வயதிலிருந்தே பழகிய கலை.

வயட் வந்த வழி வேறு. 1972இல் பிறந்த அவர், வெலிங்டனை அடுத்த லோயர் ஹட் நகரத்தைச் சேர்ந்தவர். கட்டடக்கலை படித்துக் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றவர். அவர் முதலில் பெயரெடுத்தது தடகளத்தில். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓட்டத்தில் நியூசிலாந்துக்காக ஓடினார். தடகளத்தில் ஒலிம்பிக் வரை போனவர் மலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டே ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1998இல் ரெயூனியன் தீவில் முதல் உலகப் பட்டம். அதன் பிறகு 2000இல் ஜெர்மனியின் பெர்கன், 2002இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், 2004இல் இத்தாலியின் சௌஸ் துல்க்ஸ் என்று ஏற்றம் வந்த ஆண்டெல்லாம் அவருடைய ஆண்டாகவே இருந்தது.

பட்டங்களை அடுக்குவதைவிட ஒரே ஓட்டத்தை எடுத்துக்கொண்டு அருகிலிருந்து பார்ப்பதையே நான் விரும்புவேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் மலைக்கு அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரு கார்ச் சாலை போகிறது. நீளம் 7.6 மைல், அதாவது சுமார் 12.2 கிலோமீட்டர், ஏறும் உயரம் ஏறக்குறைய 1,420 மீட்டர். சராசரிச் சரிவு 12 விழுக்காட்டை ஒட்டியிருக்க, கடைசித் திருப்பத்துக்குப் பின் வரும் சிறு துண்டு மட்டும் 22 விழுக்காடு. போதாததற்கு மரங்கள் முடிந்த உயரத்துக்கு மேல் காற்றுக்கு மறைவே கிடையாது. 2004 ஜூனில் வயட் இந்தச் சாலையை 56 நிமிடம் 41 நொடிகளில் ஓடி முடித்தார். கென்யாவின் டேனியல் கிஹாரா 1996இல் எடுத்திருந்த 58 நிமிடம் 20 நொடிதான் அதுவரை சாதனை நேரம். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடிக்கும் சற்றுக் குறைவு. வார இறுதியில் சமதரையில் 10 கிலோமீட்டர் ஓடும் நம்மில் பலர் இந்த வேகத்தை எட்டினாலே அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் உயரத்தை ஏறிக்கொண்டே இந்த வேகத்தில் ஓடினார். உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் ஜோசப் கிரே அதே சாலையில் பலமுறை முதலாவதாக வந்தும், 20 ஆண்டுகள் கடந்தும், அந்த நேரம் அசையாமல் நிற்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் மாரத்தானில் அவர் எடுத்த 2 மணி 49 நிமிடம் 1 நொடியும் இதே தரத்தைச் சேர்ந்தது. இன்டர்லாக்கனில் தொடங்கும் அந்தத் தடம் பாதித் தூரம் வரை பெரிய ஏற்றமில்லாமல் ஏமாற்றிவிட்டு, லாட்டர்ப்ருன்னனைத் தாண்டியதும் வெங்கன் ஊரை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளாகச் செங்குத்தாக ஏறுகிறது. மொத்த ஏற்றம் 1,800 மீட்டருக்கு மேல். முதல் பாதியில் மாரத்தான்காரரின் நிதானமும் இரண்டாம் பாதியில் மலையோட்டக்காரரின் தொடையும் தேவைப்படும் இந்தத் தடம் வயட்டுக்காகவே போட்டதுபோல் இருந்தது.

ஆனால் சமதரைக்கு இறங்கியதும் அவருடைய கதை அடக்கமாகிவிடுகிறது. 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் பெற்றது 21ஆம் இடம். வெயிலும் மேடும் நிறைந்த அந்தத் தடத்தில் அது மதிப்பான இடம்தான். என்றாலும் மலையில் எவருக்கும் எட்டாதவராக இருந்தவர் அங்கு முன்னணிக் கூட்டத்தில் இல்லை. சமதரையில் ஒவ்வோர் அடியிலும் தசைநார் சுருள்வில்போலத் திருப்பித் தரும் விசையும் கால்களின் வேகமும் பெரும் பங்கு வகிக்கின்றன. செங்குத்தான ஏற்றத்தில் அந்த இலவச விசை கிடைப்பதில்லை. சாலையோட்டத்தின் பெரிய பெயர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் மலையோட்டப் பட்டங்களெல்லாம் கைமாறிவிடும் என்று சொல்வோர் உண்டு. இந்த வேறுபாட்டை அவர்கள் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதமே சௌஸ் துல்க்ஸில் வயட் மீண்டும் உலகப் பட்டம் வென்றார்.

இனி 2005. அது ஒற்றைப்படை ஆண்டு; எனவே இறக்கமும் உண்டு. போட்டி நடந்த இடம் வெலிங்டன், அவருடைய சொந்த மண். ஏற்றத்தில் மட்டுமே வெல்லத் தெரிந்தவர் என்ற பேச்சுக்கு அன்று அவர் பதில் சொன்னார். அவருடைய ஆறு உலகப் பட்டங்களில் இறக்கமும் சேர்ந்த தடத்தில் வென்றது இது ஒன்றுதான். ஆறில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தன்னுடைய பலம் எது என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர், எட்டு ஆண்டுகளாக எதிராளிக்குச் சொந்தமாக இருந்த வித்தையில் இறங்கி வென்றது சாதாரண காரியமன்று. ஆறாவது பட்டம் 2008இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில், வழக்கம்போல் ஏற்றத்தில் வந்தது. தெ காஸ்பெரியும் இடையில் 2007இல் ஒன்று வென்று தம் கணக்கை ஐந்தாக உயர்த்தியிருந்தார்.

இத்தாலியின் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனையும் 2006 டுரின் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவருமான அந்தொனெல்லா கொன்ஃபோர்தொலாவை மணந்து, வயட் இத்தாலியின் மலைப்பகுதிக்கே குடிபெயர்ந்தார். அந்தொனெல்லாவும் மலையோட்டத்தில் பெயர் பெற்றவர்.

ஓடி ஓய்ந்தபின் அவர் விளையாட்டை விட்டுப் போய்விடவில்லை. 2017இல் உலக மலையோட்டச் சங்கத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். ஆண்டுக்கொரு வகை என்ற பழைய முறையில், ஏற்றத்தில் வல்லவர்கள் தமக்கான தடம் வர இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் காயம் பட்டால் நான்கு ஆண்டுகள். ஆஸ்திரியாவின் ஆந்திரேயா மாயர் 2006 முதல் 2016 வரை வென்ற ஆறு உலகப் பட்டங்களும் இரட்டைப்படை ஆண்டுகளிலேயே வந்தவை என்பதைப் பார்த்தால் இந்தக் காத்திருப்பின் கனம் தெரியும். 2022 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாயில், மலையோட்டமும் காட்டுப்பாதை நெடுந்தூர ஓட்டமும் இணைந்த முதல் உலகப் போட்டி நடந்தபோது, ஏற்றம் தனிப் பந்தயமாகவும் ஏற்ற இறக்கம் தனிப் பந்தயமாகவும் ஒரே வாரத்தில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு, வயட் 2002இல் வென்ற அதே இன்ஸ்ப்ரூக் பகுதியில் போட்டி நடந்தது. ஏற்றப் பந்தயம் அங்கும் தனியாகவே இருந்தது. பெண்கள் பிரிவில் அதை வென்றவர், அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்த ஆந்திரேயா மாயர்.