சாவி ஆருக்க கையில?

"சாவி ஆருக்க கையில மக்கா இருக்கு?"

2021 நவம்பர் மழையில், ராத்திரி பத்தரை மணிக்கு, பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. தலையில் உரச்சாக்கு, கக்கத்தில் ரேஷன் கார்டும் மாத்திரையும் வைத்த துணிப்பை. அவருக்குப் பின்னால் ஆற்றோரத்து வீடுகளிலிருந்து நாங்கள் எழுப்பிக் கூட்டிவந்தவர்கள், பிள்ளைகளோடு.

ஊராட்சிச் செயலராகப் பருவமழை முன்னேற்பாட்டுப் படிவத்தை நிரப்பியது நான்தான். 'நிவாரண முகாம்' கட்டத்தில் பள்ளியின் பெயர், எதிரே 'தயார்'. கட்டடம் மேட்டில் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. பொய் எழுதிவிட்டதாக அப்போது தோன்றவில்லை. சில நாட்களில் இப்போதும் தோன்றுவதில்லை. 'தயார் இல்லை' என்று எழுதினால், "அப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றுதான் மேலே கேட்பார்கள்.

சாவி தலைமையாசிரியரிடம். அவர் வீடு ஆற்றுக்கு அக்கரை. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்து, ஆற்றைக் கடக்கும் சப்பாத்துக்கு, அதாவது தரைப்பாலத்துக்கு, மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பூட்டை உடைத்திருக்கலாம். கம்பிப்பாரை எதிர்வீட்டிலேயே இருந்தது. ஆனால் அரசுக் கட்டடத்தின் பூட்டை யாரைக் கேட்டு உடைப்பது? ஒருவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்னொருவர், "மேலே கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். நாற்பது நிமிஷம் அப்படியே போனது. கடைசியில் வார்டு உறுப்பினர் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரே நெம்பில் கொண்டியைப் பெயர்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழைச்சாரலில் பிள்ளைகள் நனைந்தார்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குத் தெரியாததா? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரமும் மின்கம்பமும் சாய்ந்து, கரண்டும் போனும் இல்லாமல் கிடந்தோம். வெளியிலிருந்து ஆள் வரும்வரை ரோட்டில் கிடந்த மரத்தை வெட்டியது ஊர்க்காரர்கள்தான். முதல் ராத்திரிக்கு ஊராட்சியும் ஊரும் மட்டும்தான் துணை என்று அன்றே பார்த்தவன் நான். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 41-ம் அதற்குத் தயாராக இருக்கத்தான் சொல்கிறது: உள்ளாட்சி தன் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், பேரிடருக்கான பொருட்களை உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும். உடனே என்றால் நாற்பது நிமிஷம் கழித்து அல்ல.

ஆனாலும், நூறு நாள் வேலைக் கணக்கு, வீட்டுவரி, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் ஒரே ஆளின் மேஜையில் கிடக்கும்போது, ஒரு சாவியை யார் நினைப்பார்? இதை நியாயமாகச் சொல்கிறேனா, தப்பிக்கச் சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. அந்தப் பாட்டிக்கு நினைவு வந்ததே.

அதற்கப்புறம் பள்ளியின் மாற்றுச்சாவி ஒன்று என் மேஜையில், இன்னொன்று அப்போதைய வார்டு உறுப்பினர் வீட்டில். போன மாதம் படிவம் மறுபடி வந்தது. இரண்டாவது முகாமாகச் சமுதாயக்கூடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள். சரி என்று 'தயார்' போட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. யார் மாட்டியது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.