கோவையில் இரண்டு நாள் அவுட்லுக் பயிற்சி: போகிறவர்கள் முன்னாடியே செய்ய வேண்டியது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோவை அவிநாசி சாலையில் ஒரு ஓட்டலில், சுற்று வட்டார அலுவலகங்களில் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சும் பயன்படுத்துகிறவர்களுக்காக நடத்தும் பயிற்சி மாநாட்டுக்கு இதுவரை இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நாள் முழுக்க எல்லா அமர்விலும் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அதில் ஒன்றுகூட அலுவலகத்தில் பயன்படவில்லை. இரண்டாவது தடவை எழுதியது ஆறு பக்கம்தான், ஆறும் வேலைக்கு வந்தது. நடுவில் நான் மாற்றியது ஒரே விஷயம்: எங்கள் அலுவலகத்தின் கேள்விகளைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு டிபார்ட்மெண்டாகப் போய், "மெயில்ல உங்களுக்கு எது தொல்லையா இருக்குதுங்க?" என்று கேட்டேன். சாஃப்ட்வேர் பேரெல்லாம் சொல்லிக் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், தொல்லை என்று கேட்டால் கொட்டுவார்கள். மெர்ச்சண்டைசர்கள் சொன்னது, டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரம் இருக்கிற கோப்பு) அனுப்பினால் பையரிடமிருந்து, அதாவது ஆடை வாங்குகிற நிறுவனத்திடமிருந்து, திரும்பி வருகிறது, கோப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று. அக்கவுண்ட்ஸில் ஒரு அக்கா, பழைய மெயில் எல்லாம் இருக்கிற கோப்பு வாரம் ஒரு தடவை திறக்க மாட்டேன் என்கிறது என்றார். ஷிப்பிங்கில், ஒருவர் லீவு போட்டால் அவருக்கு வந்த மெயிலை யாரும் பார்க்க முடியவில்லை. இப்படிப் பதினாலு கேள்வி சேர்ந்தது. அதில் கூகுளில் தேடி நானே தீர்த்துவிடக்கூடியதைத் தீர்த்துவிட்டு மீதி எட்டை மட்டும் எடுத்துப் போனேன். இந்த வடிகட்டல் முக்கியம், பயிற்சியாளரின் நேரத்தை ஒரு நிமிடத் தேடலில் கிடைக்கிற பதிலுக்குச் செலவழிக்கக் கூடாது.

அப்புறம் அமர்வுகளைத் தேர்ந்தெடுப்பது. பெரிய அரங்கில் காலையில் நடக்கும் தொடக்க உரையில் வரப்போகும் புதுமைகளைக் காட்டுவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே நேரத்தில் பக்கத்துச் சின்ன அறையில் இருபது பேரோடு ஒரு செய்முறை வகுப்பு இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். முதல் வரிசையில் உட்காருங்கள், லேப்டாப்பும் சார்ஜரும் கொண்டு போங்கள், சோதனைக்கென்று ஒரு தனி மெயில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தின் நிஜமான அட்மின் கணக்கில் போய் அங்கே எதையும் மாற்றிப் பார்க்காதீர்கள்.

டெக் பேக் கேள்விக்குப் பதில் முதல் நாளே கிடைத்துவிட்டது. மெயிலில் இணைப்பு போகும்போது அது பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது, மூன்று பைட் நான்கு எழுத்தாக ஆகிறது, அதனால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 25 எம்பி வரம்புள்ள இடத்துக்கு 20 எம்பி கோப்பை அனுப்பினால் போகும் வழியில் அது 26, 27 ஆகிவிடும். இப்போது எங்கள் விதி, 15 எம்பியைத் தாண்டினால் கோப்பை இணைக்காமல் அதன் லிங்க்தான். அக்கவுண்ட்ஸ் அக்காவின் கோப்பு பிஎஸ்டி, அதாவது அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கிற கோப்பு வகை. அதை எல்லாரும் எடுக்கட்டும் என்று நெட்வொர்க் டிரைவில் வைத்திருந்தோம், நெட்வொர்க் வழியாக பிஎஸ்டியைத் திறந்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லையாம், கெட்டுப்போவதற்கு அதுவே காரணம். லீவு பிரச்சினைக்குப் பலர் சேர்ந்து பார்க்கக்கூடிய பொது மெயில் பெட்டி, ஆன்லைன் எக்ஸ்சேஞ்சில் 50 ஜிபி வரை அதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் நான் போனதற்கு உண்மையான காரணம் வேறு. அதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் பையர் ஒருவருக்கு, எங்கள் முகவரியிலிருந்தே, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் போயிருந்தது. அவர்கள் சந்தேகப்பட்டு போன் செய்ததால் பணம் தப்பியது. ஒரு ஷிப்மெண்டின் முழுத் தொகை அது, நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. எங்கள் மெயில் கணக்கு எதுவும் திருடப்படவில்லை, எஸ்பிஎஃப் பதிவும் (எங்கள் டொமைன், அதாவது முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர், அதில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்) சரியாக இருந்தது, பிறகு எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் பயிற்சியாளரைப் பிடித்துக் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க டொமைனுக்கு டிமார்க் போட்டிருக்கீங்களா?" போடவில்லை. ஒரு காகிதத்தில் தபால் உறை வரைந்து காட்டினார். எஸ்பிஎஃப் சோதிப்பது உறையின் மேல் இருக்கிற அனுப்புநர் முகவரியைத்தான், உள்ளே கடிதத்தில் எழுதியிருக்கிற பெயரை அது பார்ப்பதே இல்லை. பையர் திரையில் பார்ப்பதோ உள்ளே இருக்கிற பெயரை. ஏமாற்றுக்காரன் உறையில் தன் டொமைனையும் உள்ளே எங்கள் பெயரையும் போட்டால் எஸ்பிஎஃப் தேறிவிடும். உள்ளே தெரியும் பெயரின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்) தேறிய டொமைனும் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் டிமார்க். பத்து நிமிடம். மாதக்கணக்கில் படித்தும் எனக்குப் பிடிபடாதது அந்தப் பத்து நிமிடத்தில் பிடிபட்டது.

அவர் கொடுத்த இன்னொரு எச்சரிக்கை, எடுத்தவுடன் தடை விதிக்காதீர்கள் என்பது. முதலில் கண்காணிப்பு நிலையில் விட்டு, வரும் அறிக்கைகளைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தபோதுதான் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் வேறு ஒரு சர்வர் வழியாக இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றைக்கே தடை போட்டிருந்தால் எங்கள் இன்வாய்ஸே போயிருக்காது. இரண்டு மாதம் கழித்துத்தான் சந்தேக மெயிலை ஒதுக்கும் நிலைக்கு மாற்றினேன். ஆங்கில எம் (m) என்ற எழுத்துக்குப் பதில் ஆர், என் (rn) சேர்த்து எழுதி ஒரே மாதிரி தெரிகிற டொமைன் வாங்கி அனுப்பினால் டிமார்க்கும் தடுக்காது. அதனால் வங்கி விவரம் மாறினால் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து உறுதி செய்ய வேண்டும் என்று எல்லாப் பையருக்கும் எழுதிவிட்டோம்.

இடைவேளைகளில் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன், தன் ஊழியர்களுக்கு அனுப்பு பொத்தானை அழுத்திய பின் மெயில் இரண்டு நிமிடம் அவுட்பாக்ஸிலேயே நிற்கும்படி ரூல் போட்டிருப்பதாகச் சொன்னார். அனுப்பிய மெயிலைத் திரும்ப அழைக்கும் ரீகால் வசதி ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும், வெளியே பையருக்குப் போனதை அதால் இழுக்க முடியாது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம்தான் பாதுகாப்பு. தப்பான விலையோடு போகவிருந்த கொட்டேஷன் ஒன்றை ஏற்கெனவே இது நிறுத்தியிருக்கிறது.

திரும்பி வந்தால் அந்த வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளினால் ஷிப்மெண்ட் அவசரம் வந்துவிடும். நான் ஒரு டிபார்ட்மெண்டுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன், அவரவர் கேட்ட கேள்விக்கான பதிலை மட்டும், அவரவர் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டினேன். எட்டில் ஒரு கேள்வி இன்னும் பாக்கி. எங்கள் பழைய ஆட்-இன் (அவுட்லுக்கோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) காம் என்ற பழைய வகையைச் சேர்ந்தது, புதிய அவுட்லுக்கில் அது ஓடாது, அதற்கு மாற்று என்ன என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவைக்கான நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.