அப்பாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்தபோது

போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்கு இரண்டு வருடங்களாக வலது கையில் நடுக்கம். பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோப்பா மாத்திரை கொடுத்தார்கள். கை ஓரளவு அடங்கியது. ஆனால் போன மாசியில் தோப்பிலேயே இரண்டு முறை விழுந்துவிட்டார். நரம்பியல் டாக்டர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்திலேயே விழத் தொடங்கினால், பார்க்கின்சன் மாதிரியே தெரியும் வேறு நோயாகவும் இருக்கலாம் என்றார். பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. என்று இரண்டு பெயர்களைச் சொன்னார். எம்.ஆர்.ஐ.யில் எதுவும் பிடிபடவில்லை. மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

பெங்களூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நாள் குறித்தோம். போனில் "வெறும் வயிற்றில் வாங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. காலை மாத்திரைகளை வழக்கம்போலக் கொடுத்தேன். பஸ் சூளகிரியைத் தாண்டும்போது அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பயந்துபோய் ஓசூரில் சர்க்கரை போட்ட டீ வாங்கிக் கொடுத்தேன். சென்டரில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 218. ஸ்கேனுக்கு முன் ஊசியில் போடும் எஃப்.டி.ஜி. மருந்தும் சர்க்கரை போன்ற பொருள்தான். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் மூளை அதை வாங்காது, படம் மங்கிவிடும் என்றார்கள். இறங்கும்வரை காத்திருக்கிறோம் என்று கெஞ்சினேன். மருந்து காத்திருக்காதாம். அதிலுள்ள கதிரியக்க ஃப்ளோரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சரி, பார்க்கின்சன் மாத்திரையை எப்போது போட்டார் என்று கேட்டார்கள். அதையும் நிறுத்தியிருக்க வேண்டுமாம். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் அந்த வயதான மனிதரை அவ்வளவு தூரம் அலைக்கழித்திருக்க மாட்டேன்.

இரண்டாவது முறை டாக்டரிடமே எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். 12 மணி நேரம் லெவோடோப்பா கிடையாது, சர்க்கரை மாத்திரைக்குத் தனி நேரம், ஆறு மணி நேரம் தண்ணீர் மட்டும். இதைச் சொந்த யோசனையில் செய்யாதீர்கள். அந்த இரவு எப்படி இருக்கும் என்று பார்த்தவன் சொல்கிறேன். களியை ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்தவருக்கு, நள்ளிரவில் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிட்டது. தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. மணிக்கொரு முறை நானும் அம்மாவும் திருப்பிப் படுக்க வைத்தோம். விடியுமுன் கார் வைத்துக் கிளம்பினோம். பஸ் வேண்டவே வேண்டாம்.

அன்று சர்க்கரை 124. ஊசி போட்டு, வெளிச்சம் குறைந்த அறையில் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார வைத்தார்கள். பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. பேசினால் பேச்சுக்கான பகுதி கூடுதலாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்தபடி அப்பா அசையாமல் இருந்தார். ஸ்கேன் என்னவோ கால் மணி நேரம்தான். முடிந்ததும் மாத்திரையையும் இட்லியையும் கொடுத்தேன். அத்திப்பள்ளி வருவதற்குள் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

அன்று மாலைவரை சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் என் பையன் ஓடி வந்து கை நீட்டினான். "வேணாம் சாமி, தாத்தா நாளைக்குத் தூக்கறேன்" என்று அப்பா விலகி நின்றதுதான் அந்த நாளிலேயே எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ரிப்போர்ட்டை டாக்டர் படத்தோடு விளக்கினார். மூளையின் ஆழத்தில் புட்டாமென், தலாமஸ் பகுதிகள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக எரிக்கின்றன. மூளைச் செல்கள் செய்தி அனுப்ப உதவும் டோபமைன் என்ற பொருள் குறைந்ததால் அங்கே வரும் சமிக்ஞைகள் கட்டுப்பாடில்லாமல் போனதுதான் காரணம். லோடு ஏறிய போர் மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பதுபோல என்று அப்பாவுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். எம்.எஸ்.ஏ.வாக இருந்திருந்தால் அதே புட்டாமென் மங்கியிருக்கும், பி.எஸ்.பி.யாக இருந்தால் நடுமூளையும் முன்பகுதியும் மங்கியிருக்கும். அப்பாவுக்கு அப்படி இல்லை. ஆனாலும் படத்தை மட்டும் வைத்து டாக்டர் முடிவுக்கு வரவில்லை. நடக்கச் சொல்லி, பின்னால் இருந்து இழுத்து, கையைத் தட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பார்க்கின்சன்தான் என்று உறுதியாகச் சொன்னார். மூன்று வேளை மாத்திரையை நான்காக மாற்றி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "மாங்கா அறுப்புக்குத் தோப்புக்குப் போலாங்களா?"

"கோலோட போங்க, யாராவது கூட இருக்கட்டும்" என்றார் டாக்டர்.