பன்னிரண்டுக்கு ஒன்று

அக்டோபர் 9
7.10க்கு மலை ரயில் விசில் கேட்டது. நான் எழுந்திருக்கக் கூடாது.

அக்டோபர் 10
பாத்ரூம் போகலாம். சாப்பிட உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இருபத்தொன்பது வாரம். அவர் பெங்களூரு கிளம்பும் முன்னால் கிராஃப் நோட்டையும் ஸ்கேலையும் பென்சிலையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, கண்ணைக் கெடுத்துக்காத கண்ணு என்று நாலு தடவை சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 11
நம் மலை ரயிலைச் சின்ன மாடலாகச் செய்கிற கணக்கை எழுதி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் திரும்பத் திரும்ப மனதுக்குள்ளேயே வகுத்துக்கொண்டிருப்பேன்.

மாடல் ரயிலில் எச்ஓ அளவு என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், அதை 87ஆல் வகுத்தால் 529 மீட்டர். எங்கள் தெரு முழுக்கப் போய் மார்க்கெட் வரைக்கும் போகும். உயரம் இன்னும் மோசம். இங்கே 326 மீட்டர், ஊட்டி ஸ்டேஷன் 2203. வித்தியாசத்தை வகுத்தால் இருபத்தொன்றரை மீட்டர், ஏழு மாடி. ஏழு மாடிக் கட்டடத்தைச் சுற்றி 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று 12 மில்லிமீட்டர் பாதை ஏறிப் போவதை நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் குகையைத் தாண்டும்போது விடிந்துவிட்டது.

12 மில்லிமீட்டர் என்பதைத்தான் நான் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன். நம் மலை ரயில் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர், வகுத்தால் பதினொன்றரை வருகிறது, எச்ஓஎம் என்று விற்கிற பாதை 12. அரை மில்லிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது. அகலப் பாதையைச் செய்கிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 1676ஐ வகுத்தால் பத்தொன்பது சொச்சம் வர வேண்டும், கிடைப்பதோ ஐரோப்பிய அளவான 16.5. எவ்வளவு அழகாகப் பெட்டி செய்தாலும் தண்டவாளம் ஒடுங்கிப்போய் நிற்கும். அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

அக்டோபர் 13
பின்கட்டு அறை 12 அடிக்கு 10 அடி. தேங்காயை எடுத்துவிட்டால் காலி. அப்பா தருகிறேன் என்று போன வருடமே சொன்னார்.

அக்டோபர் 14
அசைவு குறைவாக இருக்கிறதோ என்று மத்தியானம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து வந்தது. சரி.

அக்டோபர் 15
முழுப் பாதை வேண்டாம், குன்னூர் ஸ்டேஷன் மட்டும் போதும் என்று காலையில் தோன்றியது. 1899இல் ரயில் குன்னூர் வரைக்கும்தான் வந்தது, அதற்கு மேலே ஊட்டிக்கு 1908இல்தான் போனது. அதனால் இன்றைக்கும் ஊட்டி போகிற வண்டி குன்னூரிலிருந்து கொஞ்சம் பின்னால் வந்துதான் மேல் பாதையைப் பிடிக்கிறது. மேஜைமேல் ஓட்ட இதைவிட நல்ல இடம் உண்டா? ஸ்டீம் இன்ஜினைக் கழற்றி, ஷெட்டுக்கு அனுப்பி, டீசலை மாட்டி, பின்னால் தள்ளி, பிறகு மேலே. ஒரு வண்டிக்கே அரைமணி நேர வேலை. நீல நிறமும் கிரீமும் பூசிய பெட்டிகள் வேறு.

சாயங்காலம் படம் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. ஷெட்டும் பிளாட்பாரமும் இரண்டு முனைப் பாதைகளும் எல்லாம் நிஜ அளவில் 12 அடிக்குள் வராது. சுருக்கலாம், எல்லோரும் சுருக்கத்தான் செய்கிறார்கள், மூன்று பெட்டி நிற்கும் இடத்தில் இரண்டு நிற்கும். ஆனால் நான் எத்தனையோ நாள் அப்பா டூட்டி முடித்து வருவதற்காகக் காத்துக்கொண்டு அந்தப் பிளாட்பாரத்தை நடந்தே அளந்தவள். சுருக்கினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்டோபர் 16
அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார். பேசவே இல்லை. பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, இங்க தண்ணிக் கொழாய் எங்கே என்றார்.

அவர் பிரேக்ஸ்மேன். இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான், பின்னாலிருந்து தள்ளும், டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. முதல் பெட்டியின் முன்னால் நிற்கிறவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள், இன்ஜின் விசில் கொடுத்தால் பிரேக் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மழையோ பனியோ வெளியில்தான் நிற்பு. அப்பாவின் வலது உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குக் கீழே தோல் இன்னும் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. ரிட்டயர் ஆகிப் பல வருடமாயிற்று. அதைத் தொட்டுப் பார்த்தால் தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பு மாதிரி இருக்கும்.

அக்டோபர் 18
மறுபடியும் கொஞ்சம் ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி. நஞ்சுக்கொடி இன்னும் கீழேதான் இருக்கிறதாம். குழந்தையின் நுரையீரலுக்கு என்று இரண்டு ஊசி, இன்று ஒன்று, நாளை ஒன்று. கட்டிலின் கால்மாட்டை உயர்த்திப் போடச் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 19
இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா கால்மாட்டில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் வைத்தார், ஒன்றின் மேல் ஒன்று. செங்கல் மூன்று அங்குலம், இரண்டு சேர்ந்தால் ஆறு. கட்டில் காலிலிருந்து கால் ஆறு அடி, அதாவது எழுபத்திரண்டு அங்குலம். எழுபத்திரண்டில் ஆறு.

பன்னிரண்டுக்கு ஒன்று. கல்லாறிலிருந்து குன்னூர் போகிற பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் அதுதான். நான் அதன்மேல்தான் படுத்திருக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டேப் கொண்டுவந்து அளந்தார், திரும்ப அளந்தார், ஆமாங்கண்ணு என்றார். பிறகு கட்டில் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

எந்த அளவில் செய்தாலும் இந்த ஏற்றம் மாறாது என்பதைத்தான் இத்தனை நாள் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நீளத்தை வகுக்கலாம், உயரத்தை வகுக்கலாம், சரிவை வகுக்க முடியாது. பின்கட்டு அறையின் நீளச் சுவர் 12 அடி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் வண்டி சரியாக ஒரு அடி ஏறும். நிஜத்தில் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு செங்குத்து.

அக்டோபர் 20
தீபாவளி. படுத்துக்கொண்டே முறுக்கு தின்றேன். அவர் வந்திருந்தார். வெடிச்சத்தத்துக்கு உள்ளே ஒரு உதை.

அக்டோபர் 22
விசில் இல்லை. மண்சரிவு, பாதையில் பாறை விழுந்திருக்கிறதாம், வண்டி ரத்து.

அக்டோபர் 23
விசில் இல்லை.

அக்டோபர் 24
பாக்கு மரம் செய்தேன்! கல்லாறு என்றால் பாக்குத் தோப்பு இல்லாமல் முடியாது. நல்ல மரம் பதினைந்து மீட்டர் இருக்கும், வகுத்தால் 17 சென்டிமீட்டர். தண்டு முக்கால் சாண் கனம் கூட வராது, வகுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதை எதில் செய்வது என்று தேடிக்கொண்டிருந்தேன், அம்மா அறையைக் கூட்ட வந்தாள், கையில் துடைப்பம். ஒரு ஈர்க்குச்சி உருவித் தரச் சொன்னேன். அடிப்பக்கத்துத் தடிமன் அச்சு அசல் அதே அளவு, நுனிப்பக்கம் சிறுக்கிறது, மரமும் அப்படித்தானே. தண்டில் இருக்கிற வளையங்களுக்குத் தையல் நூலைப் பசையில் தோய்த்து இடைவெளி விட்டுச் சுற்றினேன், சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். உச்சியில் அரை அங்குலத்துக்குப் பச்சை, பாக்கு மரத்தில் மட்டைக்குக் கீழே வழவழவென்று இருக்குமே அது. ஓலைக்குப் பச்சைக் காகிதத்தை நகவெட்டிக் கத்தரியால் சீப்புப் பல் மாதிரி நறுக்கி எட்டு மட்டை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஜன்னல் கட்டையில் கொஞ்சம் களிமண்ணில் நட்டு வைத்திருக்கிறேன். காற்றில் ஆடுகிறது.

அக்டோபர் 25
மேட்டுப்பாளையம் ஸ்டேஷனையும் சேர்க்கலாமே என்கிறார் அவர். காலையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்க, மறுபக்கம் மலை ரயில் கிளம்பக் காத்திருக்க, அழகுதான், நானும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அகலப் பாதை 16.5ஆகத்தானே வரும். இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பொய் பளிச்சென்று தெரியும். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அம்மா எட்டிப் பார்த்தாள்.

அக்டோபர் 26
அவர் கிளம்பும்போது பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது போன் போட்டால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அக்டோபர் 28
பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். குழந்தை வந்தால் நானும் அதுவும் அங்கேதான் இருக்கப் போகிறோமாம், இங்கே ஈரம் தாங்குகிறதாம். எப்போது முடிவு செய்தார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஈரம் தாங்குகிற சுவரில் குழந்தையை வைக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அழுகை வருகிறது. 12 அடிச் சுவர் அது ஒன்றுதான் இந்த வீட்டில்.

அக்டோபர் 29
நம் பாதையில் ஒரு ஸ்டேஷனுக்கு ரன்னிமீட் என்பதுதான் வெள்ளைக்காரன் வைத்த பெயர். நம் ஜனங்கள் ரன்னிமேடு ஆக்கிவிட்டார்கள். மேட்டில் இருக்கிறது, மேடு. எனக்கு இதுதான் சரியான பெயராகப் படுகிறது. அப்பாவிடம் கேட்டால் அவர் ரன்னிமீட் என்று ஒருநாளும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்கிறார். பெயர்ப்பலகை செய்தால் தமிழ் எழுத்தை எப்படி அவ்வளவு சின்னதாக எழுதுவது? ஒரு முடி உள்ள பிரஷ் வேண்டும்.

அக்டோபர் 31
ராத்திரி இரண்டு மணி. முப்பத்திரண்டு வாரம். பிறந்தால் எவ்வளவு எடை இருக்கும் என்று தேடக் கூடாது என்று போனைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மனதுக்குள் வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன். கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர். திரும்பக் கல்லாறு. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்தும்போது மட்டும் பயம் வருகிறது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் வருவதில்லை.

நவம்பர் 2
கல்லாறு. வேறு எதுவும் வேண்டாம். ஸ்டேஷனின் மேல் முனையும், அதற்குப் பிறகு பல் தண்டவாளம் தொடங்குகிற இடமும். 12 அடி என்றால் நிஜத்தில் 318 மீட்டர், சுருக்காமல், ஒரு அடிகூட ஏமாற்றாமல் போடலாம். முதல் ஐந்து அடி சமதளம், தோப்பு. அப்புறம் ஏழு அடி ஏற்றம், ஏழு அங்குலம் உயரம்.

இந்த முடிவுக்குக் காரணம் அப்பா இன்று சொன்னதுதான். நம் பாதையில் இருக்கிற அப்ட் என்ற பல் தண்டவாள முறையில், தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம், அதனால் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், இது எனக்குத் தெரியும். ஆனால் சமதளத்தில் வருகிற இன்ஜினின் பல்சக்கரம் முதல் பல்லை எப்படிச் சரியாகப் பிடிக்கும்? பல்லின் மேல் பல் ஏறி உட்கார்ந்துவிடாதா? சிறு வயதிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம். தொடக்கத்தில் இருக்கிற பட்டை ஸ்பிரிங் மேல் இருக்கும் கண்ணு என்றார். பல் சேரவில்லையென்றால் பட்டை கீழே அமுங்கும், சக்கரம் கொஞ்சம் உருளும், சேருகிற இடம் வந்ததும் மேலே வந்து கவ்விக்கொள்ளும். நடந்து போகிற வேகத்தில்தான் உள்ளே விட வேண்டும். "புடிச்சிருச்சுன்னு கால்லயே தெரியும்" என்றார். "அப்புறந்தான் மூச்சு விடுவோம்."

அந்த அமுங்குகிற பட்டையைச் செய்ய வேண்டும். அது அசைய வேண்டும். பேனா ஸ்பிரிங் பெரிதாக இருக்கும், பித்தளைத் தகட்டின் ஒரு முனையை மட்டும் பொருத்தி மறுமுனையைச் சும்மா விட்டால் அதுவே ஸ்பிரிங்தானே?

நவம்பர் 4
ஸ்கேன். 1 கிலோ 900. நஞ்சு நகரவில்லை. ஆபரேஷன்தான், தேதி பிறகு சொல்வார்கள்.

நவம்பர் 5
சுற்றுப்பாதையே தேவையில்லை என்று இன்றுதான் உறைத்தது! ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, இறங்கும்போது அதே பக்கம் முன்னால் நின்று தாங்குகிறது. எப்போதும் கீழ்ப்பக்கம். ஆகவே மேல் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாலே நிஜம். வெறும் பலகை ஒன்று போதும், 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். கட்டிலுக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் சுவரோடு வைத்தால் குழந்தைக்கு இடைஞ்சல் இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்ஜின்தான் பெரிய கவலை. சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா பாதையும் மீட்டர் கேஜ், அதுவும் அப்ட் முறை, அதற்கு ஜெர்மனியின் பெமோ கம்பெனி 12 மில்லிமீட்டரில் பல் தண்டவாளம் செய்கிறது. நம் எக்ஸ் வகை இன்ஜினும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்ததுதான். ஆனால் அதன் உடம்பை நான்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்லுக்கு. சமதளத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், கல்லாறு தாண்டினால்தான் மற்றது விழிக்கும். அந்த இரண்டு தண்டுகளும் தனித்தனியே ஆட வேண்டும் என்றால்

அம்மா மாத்திரையோடு வந்தாள். பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 7
7.10. கேட்டது. பாதை சரியாகிவிட்டது. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், நான் உள்ளேயிருந்து.

நவம்பர் 9
பாக்கு மரம் 23. தோப்புக்கு நாற்பது மரமாவது வேண்டும். இரண்டு ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. அவர் பித்தளைத் தகடு வாங்கி வந்தார், 0.2 மில்லிமீட்டர், நான் கேட்டதைவிட மெல்லியது, விரலால் அமுக்கினால் வளைந்து தானாக மேலே வருகிறது. அதை வயிற்றின் மேல் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்தும் ஒரு தட்டு.

நவம்பர் 10
தகட்டில் பல் வெட்ட ஊசி அரம் வேண்டும். ஒரு முனையை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, ஆணி அடிப்பதா? அப்பாவிடம் கேட்க வேண்டும். பலகையின் கீழ் முனையில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டால்

நவம்பர் 11
மூன்றேகால் மணி. மறுபடியும் வந்துவிட்டது, இந்தத் தடவை அதிகம். அப்பா வண்டி கூப்பிடப் போயிருக்கிறார்.